அச்சு செய்த பிழையும் கை செய்த பிழையும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகளில் ஒரு நாள் புழங்கும் சில்லறையைக் கொட்டிப் பார்த்தால், கோணல்மாணலான காசு கட்டாயம் சில தேறும். ஓரம் நசுங்கியிருக்கும், எழுத்து இரட்டையாகத் தெரியும், நிறம் மாறியிருக்கும், நடுவில் துளை விழுந்திருக்கும். இதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "எரர் காயின் சார், லட்சத்துல ஒண்ணு" என்று விற்க ஆள் இருக்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். அந்த உறைகளில் பெரும்பாலானவை முகமதிப்புக்கு மேல் ஒரு பைசாகூடப் பெறாதவை.

ஆனாலும் உண்மையான பிழைக் காசு இந்தக் கூட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரே கேள்வி போதும்: இந்தக் கோணலை நாணயச்சாலையின் எந்திரம் எப்படிச் செய்திருக்கும்? விடை சொல்ல முடிந்தால் காசைத் தனியே வையுங்கள். முடியாவிட்டால், அது வெளியே வந்த பிறகு யாரோ செய்தது என்றே கொள்ளுங்கள். சேகரிப்பவர் ஏமாறுவது கண் பழக்கம் இல்லாததால் அல்ல, இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

இரண்டு சொற்களைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வோம். பிழைக் காசு என்பது அந்த ஒரு காசுக்கு நேர்ந்த விபத்து. அச்சு வேறுபாடு என்பது அச்சிலேயே இருக்கும் அடையாளம். அந்த அச்சு அடித்த ஆயிரக்கணக்கான காசுகளிலும் அதே இடத்தில், அதே வடிவில் வரும். முன்னதில் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. பின்னதில் ஒன்றுபோல் இன்னொன்று கிடைத்தால்தான் உங்கள் ஊகம் உறுதிப்படும்.

எந்திரம் என்ன செய்கிறது?

உலோகத் தகட்டுச் சுருளிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். வில்லையின் ஓரத்தை உருட்டி அழுத்திச் சற்றே மேடாக்குவார்கள். பிறகு அது காலர் எனப்படும் எஃகு வளையத்துக்குள் விழும். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. ஒரே அடி. உலோகம் பிதுங்கி வளையத்தை முட்டி நிற்கும். ஓரத்தின் வரிகள் வளையத்தின் உள்பக்கத்திலிருந்து அப்போது பதிவதே. அடித்த காசைத் தள்ளிவிட்டு அடுத்த வில்லை வந்து உட்காரும்.

ஆக, பிழை மூன்று இடங்களில்தான் நுழைய முடியும்: வில்லையில், அச்சில், அடியில். அச்சும் தானாகப் பிறப்பதில்லை. மேடாக உருவம் செதுக்கிய மூல அச்சை மென்மையான எஃகில் அழுத்தி வேலை அச்சுகளை எடுப்பார்கள். அந்த அழுத்தத்தில் நேரும் தவறுதான் சேகரிப்பாளர்கள் உயிரை விடும் இரட்டை அச்சு.

பட்டறைத் தொழில் தெரிந்த ஊருக்கு இது எளிதில் விளங்கும். நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவருக்கு வெட்டிய விளிம்பு எது, தேய்ந்த விளிம்பு எது, அரம் போட்ட விளிம்பு எது என்று விரலே சொல்லிவிடும். சந்தேகமான காசை நாணய வியாபாரியிடம் கொண்டுபோவதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவரிடம் காட்டுங்கள்.

கருவி அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு நகைத் தராசு, ஒரு வெர்னியர், ஒரு காந்தம், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு மேசை விளக்கு. இவற்றில் எதையாவது ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் தராசை வாங்குங்கள்.

முதலில் கழிக்க வேண்டியவை

தேடுவதில் பாதி வேலை கழிப்பதுதான். நம் பக்கத்தில் காசுக்கு நேரும் சேதங்களுக்குத் தனி முகங்கள் உண்டு.

தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய காசு முட்டை வடிவில் நீண்டு, எழுத்தெல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். வளையம் இல்லாமல் அடிபட்ட காசும் அகலமாக இருக்கும். ஆனால் அது எல்லாப் பக்கமும் பரவும், நடுவில் எழுத்து கூர்மையாகவே நிற்கும். துளை போட்டது, பற்றவைத்த தடம் உள்ளது எல்லாம் தாலிக்கயிற்றிலோ காசுமாலையிலோ இருந்துவிட்டு வந்தவை. வாஷருக்குப் பதிலாக போல்ட்டின் அடியில் கிடந்த காசில் வட்டமாக ஓர் அமுக்குத் தடம் இருக்கும். அமிலத்தில் கிடந்தது மெலிந்து, எழுத்து மங்கி, எடை குறைந்திருக்கும். அதை "மெல்லிய வில்லைப் பிழை" என்று விற்பார்கள். அமிலம் எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தின்றிருக்கும், மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். மெல்லிய வில்லையில் அடித்த காசில் எழுத்து சில இடங்களில் முழுமையாகவும் சில இடங்களில் நிரம்பாமலும் இருக்கும். தொட்டால் வழவழப்பு.

நிறம் மாறிய காசு இன்னொரு தொல்லை. "செம்பில் அடித்த ஒரு ரூபாய்" என்று ஒன்று அவ்வப்போது சுற்றும். வெள்ளோடு, சின்னாளபட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் மயில்துத்தம் எப்போதும் இருக்கும். அதைக் கரைத்து ஒரு பேட்டரியையும் இணைத்தால் எஃகுக் காசின் மேல் செம்புப் பூச்சு ஏறிவிடும், பள்ளிக்கூடப் பரிசோதனைதான். கண்டுபிடிப்பது சுலபம். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே எஃகு. எடையும் காட்டிக் கொடுக்கும்: 1992 முதல் வந்த 25 மி.மீ. எஃகு ரூபாய் 4.85 கிராம். அதே அளவுள்ள செம்பு வில்லை என்றால் 5.6 கிராம் பக்கத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் செம்பு எஃகைவிட அடர்த்தியானது. தராசு 4.85 காட்டினால் விற்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

பழனி நம் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால் உண்டியல் காசு நமக்கு நிறையப் பழக்கம். எண்ணி முடித்து வங்கிக்குப் போய்ப் பிறகு கடைகளுக்கு வரும் அந்தக் காசுகளில் விபூதியும் குங்குமமும் எண்ணெயும் எழுத்துகளின் இடுக்கில் இறுகியிருக்கும். ஆண்டில் ஓர் எண் காணவில்லை, நாணயச்சாலைக் குறி காணவில்லை என்று துள்ளுவதற்கு முன் வெந்நீரில் சோப்பு கலந்து ஊறப்போடுங்கள். அழுக்கு போய் எண் தோன்றிவிட்டால் விஷயம் முடிந்தது. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து பதியாமல் போவது உண்மையிலேயே நடப்பதுதான். அது அடைபட்ட அச்சு எனப்படும், மதிப்பு சொற்பம். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் மூன்றையும் காசுப் பக்கம் கொண்டுவராதீர்கள். நம் வீடுகளில் விளக்குத் தேய்க்கும் ஆர்வத்தில் அழிந்த நல்ல காசுகள் கொஞ்சநஞ்சமல்ல.

சேதம் என்பது எப்போதும் மதிப்பற்றது என்று பொருளல்ல. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டியவை. அவை வரலாற்றுச் சான்றுகள். ஆனால் அவற்றை யாரும் பிழைக் காசு என்று அழைப்பதில்லை.

பிழை போலத் தோன்றும் முறையான காசுகள்

திண்டுக்கல் சமவெளியில் உழும்போதும் பழைய பாத்திரக்கடைகளிலும் கண்ணில் படக்கூடியது திப்புவின் யானைக் காசு. 1755இல் ஹைதர் அலி ஃபௌஜ்தாராக வந்த ஊர் இது. 1792இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. திப்புவின் நாணயச்சாலைப் பெயர்களில் ஒன்றான காலிகாபாத்தை நாணயப் பட்டியல்கள் திண்டுக்கல்லோடு சேர்த்தே எழுதுகின்றன. உள்ளூர்ச் சேகரிப்பாளருக்கு அந்தப் பெயர் பொறித்த செப்புக்காசின் மேல் தனி ஆசை இருப்பது நியாயம்.

அந்தக் காசைப் பார்த்ததும் இரண்டு "பிழைகள்" தெரியும். யானையின் பாதிதான் காசில் இருக்கும், மீதி வெளியே போயிருக்கும். ஆண்டு எண்ணை அரபு முறைப்படி இடமிருந்து படித்தால் ஏழாயிரம், எட்டாயிரம் என்று வரும். இரண்டுமே பிழையல்ல. கையால் சம்மட்டி கொண்டு அடித்த காலம் அது. வில்லை அச்சைவிடச் சிறியது, வளையம் கிடையாது. ஆகவே விலகி அடிபடுவதே அதன் இயல்பு. மௌலூதி ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்த பிறகு திப்பு எண்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். நாயக்கர் காலச் செப்புக்காசுகளுக்கும் இதே கதைதான். கையடிக் காசில் "மையம் விலகிய பிழை" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். உருவம் எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அங்கே விலை. மதராஸ் மாகாணத்துக்காக 1803இலும் 1808இலும் பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்த காசுகள் வந்த பிறகுதான் நம் பக்கத்தில் எந்திரப் பிழை என்று பேசவே அர்த்தம் இருக்கிறது.

குடியரசுக் காலத்தில் அதிகம் ஏமாற்றுவது நாணயச்சாலைக் குறி. ஆண்டின் அடியில் சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் 1988இல் தொடங்கிய நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. "குறி இல்லாத அபூர்வக் காசு" என்பது பெரும்பாலும் கோடிக்கணக்கில் வந்த கொல்கத்தாக் காசுதான். தேய்ந்த சாய்சதுரம் வட்டமாகத் தெரிவதும் உண்டு. உள்நாட்டுச் சாலைகளால் ஈடுகொடுக்க முடியாத காலங்களில் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினோம்: 1985 ரூபாயில் எச் எழுத்து இருந்தால் பர்மிங்ஹாம் ஹீட்டன் ஆலை, 1990களின் பிற்பகுதியில் மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, மாஸ்கோ எல்லாம் வந்தன. இவை முறையான வகைகள். சேகரிக்கலாம், பிழையென்று விற்கக் கூடாது.

பத்து ரூபாய்க் காசை மறக்க முடியுமா? தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்களும் நடத்துநர்களும் அதை வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. ரூபாய்க் குறியும் 10 கோடுகளும் உள்ளதுதான் அசல், குறியில்லாத 15 கோட்டுக் காசு போலி என்று வதந்தி. 2011இல் ரூபாய்க் குறி காசில் ஏறியபோது மாறிய வடிவமைப்பு அது, அவ்வளவே. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவிக்க வேண்டிவந்தது. அச்சு வேறுபாட்டைக் கவனிக்கும் கண் நம் மக்களுக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்குக் காரணம் தேடிய விதம்தான் கோளாறு.

வில்லையில் நேர்ந்தவை

சுருளிலிருந்து வெட்டும்போது ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் கத்தி மறுபடி இறங்கினால் வில்லையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு காணாமல் போகும். பிறைவெட்டுக் காசு என்று இதைச் சொல்கிறோம். அரம் போட்டு இதைச் செய்வது மிக எளிது, எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆனால் அரம் போட்டவரால் செய்ய முடியாத ஒன்று உண்டு. உண்மையான பிறைவெட்டில், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள ஓரம் மங்கலாக, மேடு குறைந்து இருக்கும். வில்லையின் ஓரத்தை உருட்டும்போது எதிர்ப்பக்கம் தாங்க உலோகம் இல்லாததால் அழுத்தம் கிடைக்காமல் போவதே காரணம். பிளேக்ஸ்லி விளைவு என்பது இதன் பெயர். வெட்டுக்கு அருகிலுள்ள எழுத்துகளும் வெட்டை நோக்கிச் சற்று இழுபட்டு மெலியும். எழுத்தை நறுக்கென்று நடுவில் அறுத்திருந்தால் அது அடித்த பிறகு வெட்டியது.

தவறான வில்லை என்பது இதைவிடச் சுவையானது, விலையும் கூடுதல். ஒரு மதிப்புக்கான அச்சில் இன்னொரு மதிப்பின் வில்லை புகுந்துவிடுவது. இங்கேதான் எடைகளை மனப்பாடம் செய்தவர் பிழைப்பார். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம், இரண்டு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். இப்போது பழையவற்றைப் பாருங்கள். 1988இல் வந்த எஃகு ஐம்பது பைசாவும் 22 மி.மீ., 3.79 கிராம்தான். 1992 எஃகு ரூபாயும் 25 மி.மீ., 4.85 கிராம்தான். அதாவது புதிய ரூபாயின் அளவும் எடையும் பழைய ஐம்பது பைசாவுடையவை. புதிய இரண்டு ரூபாயுடையவை பழைய ரூபாயுடையவை. "பழைய ரூபாய் வில்லையில் அடித்த 2011 இரண்டு ரூபாய்" என்று ஒருவர் காட்டினால், அதை நிரூபிக்க எந்தத் தராசாலும் முடியாது. நிரூபிக்க முடியாததற்குப் பணம் எதற்கு? ஆனால் இரண்டு ரூபாய் அச்சு பதிந்த காசு 3.79 கிராம் காட்டி, ஓரத்து எழுத்துகள் வெளியே விழுந்திருந்தால் உட்கார்ந்து கவனியுங்கள். அது ஒரு ரூபாய் வில்லையில் அடித்ததாக இருக்கலாம்.

உலோகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1992 முதல் 2004 வரை வந்த பதினொரு பக்க இரண்டு ரூபாய் செம்பு நிக்கல் கலவை, 6 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 9 கிராம் எடையுள்ள கனத்த ஐந்து ரூபாயும் அப்படியே. இவற்றில் ஒன்று காந்தத்தைப் பிடித்தால் பிழையைவிடப் போலிக்குத்தான் வாய்ப்பு அதிகம். 1947 முதல் வந்த நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எடையில் புதுக் காசிலேயே சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும், 0.1 கிராம் வித்தியாசம் எதையும் சொல்லாது.

பத்து ரூபாயில் வளையமும் நடுவில்லையும் தனித்தனி. நடுவில்லை விலகி வளையத்தின் மேல் ஏறியபடி அடிபட்ட காசுகள் உண்மையான பிழைகள்; எழுத்து இரண்டு உலோகத்தின் மேலும் அறுபடாமல் தொடர்ந்து ஓட வேண்டும். நடுவில்லை வெறுமனே கழன்று வந்த வளையத்துக்கு மதிப்பில்லை, சுத்தியல் இருந்தால் போதும்.

அச்சு சொல்லும் கதை

அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் பாயும். ஆகவே அச்சு விரிசல் காசில் மேடான கோடாகத்தான் வரும். கீறல் பள்ளமாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மேடா பள்ளமா என்று நிழல் சொல்லிவிடும். இந்த ஒரு விதி தெரிந்தாலே உறைக் காசுகளில் பாதியைத் தள்ளிவிடலாம். விரிசல் ஓரத்தைத் தொட்டு அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் வடிவமற்ற ஒரு மேட்டுத் திட்டு தோன்றும். அதற்கு நேர் மறுபக்கம் பதிவு மங்கியிருக்கும். வில்லை வராத நேரத்தில் இரண்டு அச்சும் நேராக மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றதில் நிழலாகப் பதியும். வெற்றிடமாக இருக்க வேண்டிய பரப்பில் சிங்கத் தூணின் விளிம்பு இடம்வலம் மாறி மங்கித் தெரிந்தால் அது அச்சு மோதல்.

இரட்டை எழுத்துக்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான். இரட்டை எழுத்தில் இரண்டு சாதி உண்டு. அடி விழுந்து அச்சு விலகும் கணத்தில் சற்று அசைந்தால் எழுத்தின் ஒரு பக்கம் வழித்தெடுத்ததுபோல் தட்டையாகப் பளபளக்கும். எழுத்தின் உடம்பு மெலிந்திருக்கும். இது எந்திர அசைவு. நம் எஃகுக் காசுகளில் சர்வ சாதாரணம், விலை இல்லை. மூல அச்சை அழுத்தும்போதே இரண்டாவது அழுத்தம் சற்றுத் திரும்பி விழுந்திருந்தால் எழுத்து தடித்து, நுனிகள் இரண்டாகப் பிளந்து, இரண்டு உருவமும் உருண்டையாக மேலெழுந்து நிற்கும். இதுதான் இரட்டை அச்சு. அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம். ஆண்டெண்ணின் இரட்டிப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும். லென்ஸ் வைத்துக் கற்பனையும் சேர்த்தால்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

அச்சு வேறுபாட்டில் நம் நாட்டுக்குச் சொந்தமான செல்வம் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் இருக்கிறது. என் கருத்தில், புதிய காசுகளில் விரிசல் எண்ணுவதைவிட ஒருவர் நேரத்தை இங்கே செலவிடலாம். 1835 நான்காம் வில்லியம் ரூபாயில் கழுத்து வெட்டில் எஃப் என்றோ ஆர்எஸ் என்றோ எழுத்து இருக்கும், சிலவற்றில் எதுவும் இராது. 1840 விக்டோரியா ரூபாயில் பின்பக்க மாலையின் பழங்களை எண்ண வேண்டும். அச்சுக்கு அச்சு 19இலிருந்து 35 வரை மாறும். தலைக்கு மேல் எழுத்து தொடர்ச்சியாக ஓடுகிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1862 ரூபாய் இன்னும் வேடிக்கை. 1874 வரும்வரை காசில் ஆண்டை மாற்றவே இல்லை. பம்பாய்ச் சாலையில் அடித்த ஆண்டைக் காட்டப் பின்பக்கம் சின்னஞ்சிறு புள்ளிகளைச் சேர்த்தார்கள். ஒரே 1862 என்று பொறித்த ரூபாய்கள் புள்ளிக் கணக்கால் வெவ்வேறு ஆண்டுகளாகப் பிரிகின்றன. பாட்டி பெட்டியிலிருந்து வந்த 1862ஐ வெள்ளி விலைக்குத் தள்ளிவிடும் முன் புள்ளிகளை எண்ணுங்கள்.

1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மேலங்கியில் உள்ள யானை குட்டைத் துதிக்கையால் பன்றிபோல் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடம் எதிர்ப்புக் கிளம்ப, 1912இல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். பன்றி ரூபாய் என்றே சந்தையில் பெயர்.

1939 வெள்ளி ரூபாய் என்று யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மிக அபூர்வமான ஆண்டு. அதனாலேயே வேறு ஆண்டு எண்ணைச் சுரண்டி 9 ஆக்கிய காசுகள் நடமாடுகின்றன. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற எண்களைச் சுற்றியுள்ளதைப் போலவே இருக்கிறதா என்று லென்ஸில் ஒப்பிடுங்கள்.

அடியில் நேர்ந்தவை

நம் இன்றைய காசுகளில் இரு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். காசின் மேலும் கீழும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் சுற்றினால் பின்பக்கம் நேராக வர வேண்டும். சாய்ந்து வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. கொஞ்சம் சாய்வுக்கு யாரும் காசு தருவதில்லை. செங்குத்தாகவோ முழுத் தலைகீழாகவோ இருந்தால் எடுத்து வையுங்கள். சில்லறைக் குவியலில் தேடத் தொடங்குபவருக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் இதுதான். போலி செய்வதும் எளிதல்ல.

வில்லை வளையத்தில் சரியாக உட்காராமல் அடிபட்டால் உருவம் ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கம் வெறும் உலோகம் பிறையாக நிற்கும். ஆண்டெண் தெரிகிற காசுக்கே மதிப்பு. இருமுறை அடி வாங்கியதில் முதல் உருவத்தின் எச்சம் இரண்டாவதின் கீழே நசுங்கிக் கிடக்கும்.

அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடும். ஒரு பக்கம் சிங்கம் மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடிப் பிம்பமாகப் பள்ளத்தில். மும்பை ஏலக்காரர்கள் இதை லக்கி என்பார்கள். காலணா முதல் இன்றைய ரூபாய் வரை கிடைக்கிறது, நல்ல விலையும் போகும். வைஸில் இரண்டு காசை வைத்து இறுக்கியும் இப்படிச் செய்யப் பார்ப்பார்கள். அதில் பள்ள உருவத்தின் அடியில் பழைய உருவம் நசுங்கித் தெரியும், மறுபக்கம் தட்டையாகும். அசல் லக்கியில் அந்தப் பக்கத்து உருவத்தின் சுவடே இருக்காது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அச்சுகள் ஜோடி சேர்வது மியூல். 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸ் காசில் ஆண்டெண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியபோது பழைய முன்பக்கமும் புதிய பின்பக்கமும் சேர்ந்து, ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. ஆனால் ஷோலே படத்தில் வந்ததுபோல் இரண்டு பக்கமும் தலையுள்ள காசு என்று ஒன்றைக் காட்டினால், ஓர மேட்டின் உள்விளிம்பில் லென்ஸை ஓட்டுங்கள். இரண்டு காசை லேத்தில் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திய மெல்லிய கோடு அங்கே இருக்கும். மேசையில் போட்டால் ஓசையும் செத்திருக்கும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பிழைக் காசு எது கிடைத்தாலும் அதே ஆண்டு, அதே நாணயச்சாலையின் சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்தே பாருங்கள். உறையின் மேல் எடை, விட்டம், ஒட்டுகிறதா இல்லையா, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். எழுதாத காசு இரண்டு வருடத்தில் அநாதையாகிவிடும். பெரிய தொகை கேட்டால் மதுரை, திருச்சி, கோவை நாணயக் கண்காட்சிகளில் மூன்று பேரிடமாவது காட்டிய பிறகு முடிவெடுங்கள். ஒப்பிட்டுப் பழக எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒரு முறை போய்வருவது நல்லது.

சட்டமும் கொஞ்சம். நிலத்தில் புதைந்து கிடைத்த பழங்காசு, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உழுத வயலில் யானைக் காசுக் குடம் கிடைத்தால் அதுவும் இதில் அடங்கும். நூறு ஆண்டைத் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் இடம் தராது. புழக்கத்திலுள்ள காசை உருக்குவதோ சிதைப்பதோ 2011 நாணயச் சட்டப்படி குற்றம். லேத் பட்டறை வித்தைக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

கடைசியாக, தொலைபேசியில் வரும் லட்சங்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கும் டிராக்டர் நோட்டுக்கும் பல லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று கறப்பது வழக்கமான மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே கேட்பார்கள். பழைய காசு, நோட்டு விற்பனையில் தனக்குத் தொடர்பில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. உங்கள் காசை வாங்க விரும்புகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால் தொடர்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.